வாசலில் வைத்த அளவுகோல்

வாழ வழியிருந்தும் விளையாட்டாகச் சொந்த ஊரைத் துறந்தவர் உலகில் மிகச் சிலரே. ஏனையோரைப் பஞ்சமும் கடனும் சாதிக் கொடுமையும் போருமே ஊரைவிட்டு விரட்டின. புலம்பெயர்ந்தவர் நம்மவராய் இருக்கும்வரை இந்த எளிய உண்மையை ஏற்பதில் எவருக்கும் தயக்கமில்லை. மலேசியத் தோட்டத்திலும் இலங்கை மலையிலும் நேட்டால் கரும்புக் காட்டிலும் தமிழன் சிந்திய வியர்வையைப் பேசும்போது நம் கண்கள் கலங்குகின்றன. ஆனால் புலம்பெயர்ந்தவர் வேற்றுமொழி பேசி நம் தெருமுனையில் வந்து நிற்கும்போது அதே கண்கள் கடுமை கொள்கின்றன.

நம் பங்குப் பேரவைகளிலும் அன்பியக் கூட்டங்களிலும் அண்மைக் காலமாக ஒரு குரல் ஓங்கி ஒலிக்கிறது. "வடக்கேயிருந்து கூட்டம் கூட்டமாக வந்து இறங்குகிறார்கள். கணக்கும் இல்லை, கட்டுப்பாடும் இல்லை. நோயையும் குற்றத்தையும் கொண்டு வருகிறார்கள். குறைந்த கூலிக்கு உழைத்து நம் பிள்ளைகளின் வேலையைப் பறிக்கிறார்கள்" என்கிறது அக்குரல். நம் முன்னோரும் பிழைப்புத் தேடிப் போனவர்கள்தாமே என்று கேட்டால், "அவர்கள் முறையாகத் தாள்களோடு போனார்கள்; அது வேறு, இது வேறு" என்ற மறுமொழி உடனே வருகிறது. இந்த மறுமொழியை வரலாற்றின் முன் நிறுத்திப் பார்ப்பதே நம் நோக்கம்.

தாள்களோடு போனவர்கள்

1860-ஆம் ஆண்டு அக்டோபர் 12-ஆம் நாள் 'ட்ரூரோ' என்னும் கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டது. அன்று இந்நகருக்கு இன்றுள்ளதுபோல் துறைமுகம் கிடையாது. மசூலாப் படகுகளில் ஏறி, கரையில் மோதும் அலைகளைக் கடந்து சென்றே கப்பலை அடைய வேண்டும். அவ்வாறு ஏறிய 342 பேர் நவம்பர் 16-ஆம் நாள் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரை அடைந்தனர். அன்று தொடங்கி 1911 வரை நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற இந்தியர் 1,52,000-க்கும் மேற்பட்டோர். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் சென்னை வழியாகச் சென்றவர்கள்.

அவர்கள் தாளோடு சென்றது உண்மைதான். புறப்படுமுன் குடிபெயர்வோர் காப்பாளர் என்ற அரசு அலுவலர், விரும்பித்தான் செல்கிறாயா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுப் பதிவு செய்தார். ஆனால் அந்தத் தாள் செய்தது என்ன? ஐந்து ஆண்டுகள் ஒரே முதலாளியிடம் அவர்களைக் கட்டிப் போட்டது. அனுமதிச் சீட்டின்றித் தோட்டத்தைவிட்டு வெளியே நடமாடுவதைக் குற்றமாக்கிச் சிறைக்கு அனுப்பியது. தாள் இருந்தது, பாதுகாப்பு இல்லை. முறை இருந்தது, நீதி இல்லை. 'முறையாகப் போனார்கள்' என்று பெருமை கொள்வோர் அந்த முறை யாருக்காக வகுக்கப்பட்டது என்பதைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும்.

அதே காலத்தில் ஐரோப்பாவிலும் ஓர் ஏழை நாடு தன் மக்களைக் கடலில் ஏற்றிக் கொண்டிருந்தது. அது இத்தாலி. நாம் திருத்தந்தையின் நாடென்றும் கலைகளின் தாயகமென்றும் போற்றும் அதே இத்தாலிதான். 1876 முதல் 1915 வரை ஏறத்தாழ 1 கோடியே 40 இலட்சம் பேர் அந்நாட்டைவிட்டு வெளியேறினர். 1913-ஆம் ஆண்டில் மட்டும் 8,70,000-க்கும் மேற்பட்டோர் வெளியேறினர். இத்தாலியரை வேலைக்குக் கூட்டிச் சென்ற தரகருக்கு 'பத்ரோனே' என்று பெயர்; தமிழரைக் கூட்டிச் சென்றவருக்குக் கங்காணி என்று பெயர். இருவரும் தம் சொந்த ஊராருக்கு முன்பணம் கொடுத்து, அவர்தம் கூலியிலிருந்தே தம் பங்கை எடுத்துக்கொண்டவர்கள். இரு மக்களின் நிலையும் ஒன்றே என்று நாம் சொல்லவில்லை. இத்தாலியர் ஒப்பந்தச் சிறைக்குள் அடைக்கப்படாதவர்கள். காலப்போக்கில் வாக்குரிமை பெற்று அமெரிக்கரானவர்கள். தோலின் நிறம் தமிழருக்கு அந்த வழியையும் அடைத்தது. ஆனால் வாசலில் இருவரையும் அளந்த கோல்கள் ஒரே தச்சன் செய்தவை போலவே இருந்தன.

ஐந்து அளவுகோல்கள்

முதல் அளவுகோல் நோய். 1896-ஆம் ஆண்டின் இறுதியில் 'கூர்லாந்து', 'நாதிரி' என்னும் இரு கப்பல்கள் இந்தியரை ஏற்றிக்கொண்டு டர்பனை அடைந்தன. பம்பாயில் பிளேக் பரவியிருந்ததைக் காரணம் காட்டிப் பயணிகளை இறங்கவிடாமல் 23 நாள்கள் கடலிலேயே நிறுத்தி வைத்தனர். அவர்களுள் காந்தியடிகளும் ஒருவர். கப்பலில் நோயாளர் இல்லை. கரையில் வெள்ளையர் திரட்டிய எதிர்ப்புக் கூட்டமே உண்மையான காரணம். இலங்கைக்குச் சென்ற நம் மக்களும் தூத்துக்குடியை அடுத்த தட்டப்பாறையிலும், பின்னர் மண்டபத்திலும் நோய்த்தடுப்பு முகாம்களில் அடைபட்ட பிறகே கப்பலேற முடிந்தது. நோயைத் தடுப்பது அரசின் கடமை. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் கூலிக்குச் சென்றவரைப் போல் முதல் வகுப்புப் பயணி முகாமில் அடைபட்டதில்லை. நோய்க்கிருமிக்குப் பயணச்சீட்டின் வகுப்பு தெரியாது, வாயிற்காவலனுக்குத் தெரிந்திருந்தது.

இரண்டாவது அளவுகோல் பணம். ஒப்பந்தம் முடிந்த பின் ஊர் திரும்பாமலும் மீண்டும் ஒப்பந்தத்தில் சேராமலும் நேட்டாலில் சுதந்திரமாக வாழ விரும்பியவர் மீது 1895-இல் ஆண்டுக்கு 3 பவுன் வரி விதித்தது அந்நாட்டுச் சட்டம். ஒப்பந்தக் கூலியின் முதலாண்டுச் சம்பளம் மாதம் 10 ஷில்லிங். ஆகவே இந்த வரி அவனுடைய ஆறு மாத ஊதியம். உழைக்கும்வரை வேண்டியவன், குடியமர நினைத்தால் வேண்டாதவன் என்பதே அச்சட்டத்தின் உட்பொருள்.

மூன்றாவது அளவுகோல் எழுத்தறிவு. 1897-இல் நேட்டால் இயற்றிய குடியேற்றத் தடைச் சட்டம், நுழைய விரும்புவோர் ஐரோப்பிய மொழி ஒன்றில் விண்ணப்பம் எழுதிக் காட்ட வேண்டும் என்றது. 'இந்தியன்' என்ற சொல்லோ 'கறுப்பன்' என்ற சொல்லோ அதில் கிடையாது. கம்பனையும் வள்ளுவனையும் கரைத்துக் குடித்த புலவரும் டர்பன் துறையில் எழுத்தறியாதவரே! இந்தத் தந்திரத்தை மெச்சிய பிரித்தானியக் குடியேற்றநாட்டு அமைச்சர் ஜோசப் சேம்பர்லின் அதை ஏனைய குடியேற்ற நாடுகளுக்கும் பரிந்துரைத்தார். 1901-இல் ஆஸ்திரேலியா அதைச் சொல்வதெழுதும் தேர்வாக மாற்றிக்கொண்டது. 1917-இல் அமெரிக்கா, குடியரசுத் தலைவர் வில்சனின் மறுப்பையும் மீறி, தன் எழுத்தறிவுச் சோதனையைச் சட்டமாக்கியது. எந்த மொழியிலும் படித்துக் காட்டலாம் என்றாலும், பள்ளியையே காணாத தென்னித்தாலியக் குடியானவரை அது வாசலிலேயே நிறுத்தக்கூடியதாய் இருந்தது. அதே சட்டம் இந்தியா உள்ளிட்ட ஆசியாவின் பெரும்பகுதியை விலக்கப்பட்ட மண்டலமாகவும் அறிவித்தது.

நான்காவது அளவுகோல் எண்ணிக்கை. எழுத்தறிவுச் சோதனை எதிர்பார்த்த அளவுக்கு இத்தாலியரைத் தடுக்கவில்லை. ஆகவே 1924-இல் அமெரிக்கா ஒரு புதிய கணக்கைப் போட்டது. ஒவ்வொரு நாட்டினரும் 1890-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது அங்கு எத்தனை பேர் இருந்தனரோ அதில் நூற்றுக்கு இருவர் மட்டுமே ஆண்டுதோறும் வரலாம் என்றது. 34 ஆண்டுகளுக்கு முந்திய கணக்கு எதற்கு? இத்தாலியர் பெருந்திரளாக வந்தது அதற்குப் பின்னர்தான் என்பதற்காகவே. சில ஆண்டுகளில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் சென்ற இத்தாலிக்கு அந்தக் கணக்கின்படி கிடைத்த இடங்கள் 3,845. கணிதத்துக்கும் காழ்ப்பு உண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

ஐந்தாவது அளவுகோல் நம்மைச் சுடுவது. 1913-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் தென்னாப்பிரிக்காவின் கேப் உயர்நீதிமன்றத்தில், கணவனிடம் வந்துசேர்ந்த ஓர் இந்திய மனைவியை நாட்டுக்குள் விடுவதா என்ற வழக்கில், நீதிபதி செர்ல் தீர்ப்பளித்தார். கிறிஸ்தவ முறைப்படி நடந்து பதிவான திருமணமே செல்லும் என்பது அத்தீர்ப்பின் விளைவு. ஒரே நாளில் ஆயிரமாயிரம் இந்துப் பெண்களும் இசுலாமியப் பெண்களும் சட்டத்தின் கண்ணில் மனைவியர் என்ற மதிப்பை இழந்தனர். நாம் திருவருட்சாதனம் என்று போற்றும் திருமணத்தை ஓர் அரசு வாசலை அடைக்கும் கட்டையாகப் பயன்படுத்திக்கொண்டது. அதை எதிர்த்தும் 3 பவுன் வரியை எதிர்த்தும் அவ்வாண்டு நவம்பரில் 2,037 ஆண்களும் 127 பெண்களும் 57 குழந்தைகளும் எல்லையைக் கடந்து நடந்தனர். சிறை சென்று நோயுற்று 1914 பிப்ரவரியில் தம் 16-ஆவது வயதில் உயிர்நீத்த தில்லையாடி வள்ளியம்மை அந்தப் போராட்டத்தின் மகள். அப்போராட்டத்தின் பின்னரே 1914-இல் அந்த வரி நீங்கியது. இந்தியத் திருமணங்களும் ஏற்கப்பட்டன.

நோய், பணம், எழுத்து, எண்ணிக்கை, மணம். இவற்றுள் எதுவும் 'ஏழையே, உள்ளே வராதே' என்று வெளிப்படையாகச் சொல்லவில்லை. ஒவ்வொன்றும் நலவாழ்வு, ஒழுங்கு, பண்பாடு என்ற நல்ல பெயரோடுதான் வந்தது. ஆனால் ஒவ்வொன்றும் ஏழையின் உயரத்துக்குச் சற்று மேலே பொருத்தப்பட்டிருந்தது. இன்று நம் கூட்டங்களில் ஒலிக்கும் குரலை மீண்டும் நினைத்துப் பாருங்கள். 'நோய் கொண்டு வருகிறார்கள், படிப்பறிவு இல்லை, எண்ணிக்கை மிகுந்துவிட்டது, நம் பண்பாட்டுக்கு ஒத்துவராதவர்கள்.' டர்பன் துறையில் நம் பாட்டனாரை அளந்த அதே கோல் இது. பேரன் அதைத் தன் கையில் எடுத்துக்கொண்டு மயிலையின் மாடவீதியில் நிற்கலாமா?

தாளே கொலைக்கருவியானபோது

இலங்கைக்குச் சென்ற நம் மலையகத் தமிழரின் கதை இன்னும் கொடியது. தோட்டத்தின் எண் பொறித்த தகர வில்லையோடு அவர்கள் கடல் கடந்தனர். ஒருவர்க்கு எவ்வளவு கடன் உண்டு என்று எழுதிய 'துண்டு' என்னும் சீட்டு, அவரை ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்குக் கைமாற்றியது; 1921-இல்தான் அந்த முறை சட்டத்தால் ஒழிந்தது. தலைமுறை தலைமுறையாகத் தேயிலையை வளர்த்து அந்நாட்டைச் செழிக்கச் செய்த மக்களிடம், சுதந்திர இலங்கையின் 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், "உன் தந்தை இங்கே பிறந்ததற்குச் சான்று எங்கே? இல்லையேல் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததற்குச் சான்று எங்கே?" என்று கேட்டது. லயத்தில் பிறந்தவனுக்கு யார் சான்றிதழ் எழுதி வைத்தார்கள்? ஏறத்தாழ 7 இலட்சம் பேர் நாடற்றவர் ஆயினர்.

1964-இல் இரு நாட்டுப் பிரதமர்களும் கையெழுத்திட்ட ஒப்பந்தம், 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தது. மீதியிருந்த 1,50,000 பேரை 1974-இல் சரிபாதியாகப் பிரித்தது. அம்மக்களை யாரும் கேட்கவில்லை. ஒரு காலத்தில் அவர்களின் முன்னோரை வடிகட்டி அனுப்பிய மண்டபம் முகாமே, திரும்பி வந்தவர்களையும், 1983-க்குப் பின் போருக்குத் தப்பி வந்த அகதிகளையும் ஏற்றுக்கொண்டது. அங்கும் தமிழகத்தின் ஏனைய முகாம்களிலும் பிறந்து வளர்ந்து, திருமணமாகிப் பிள்ளை பெற்றவர்கள் இன்றும் இந்நாட்டுக் குடிமக்கள் அல்லர். 2019-ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் மூன்று அண்டை நாடுகளின் பெயர் உண்டு. இந்து என்ற சொல்லும் கிறிஸ்தவர் என்ற சொல்லும் உண்டு. இலங்கை என்ற சொல் இல்லை. நம் முறையீட்டுக் கூட்டங்களில் இதுபற்றி எத்தனை தீர்மானங்கள் நிறைவேறியுள்ளன என்று வாசகர் எண்ணிப் பார்க்கட்டும்.

"நாட்டுக்கு எல்லை வேண்டாமா?"

வேண்டும். தன் மக்களின் பொதுநலன் கருதிக் குடியேற்றத்தை நெறிப்படுத்த அரசுக்கு உரிமை உண்டு என்பதைத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும் ஏற்கிறது. ஆனால் அதே நூல், வளமுள்ள நாடுகள் தம்மால் இயன்ற அளவுக்கு அந்நியரை வரவேற்கக் கடமைப்பட்டுள்ளன என்பதை முதலில் சொல்லிவிட்டே அந்த உரிமையைப் பேசுகிறது. வரிசையை மாற்றினால் பொருளும் மாறிவிடும். மேலும், ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் சென்னைக்கு வருகிறவன் எந்த நாட்டு எல்லையையும் கடக்கவில்லை. இந்தியாவின் எப்பகுதிக்கும் செல்லவும் அங்கே குடியமரவும் அரசியலமைப்பின் 19-ஆம் பிரிவு அவனுக்கு அளித்த உரிமையோடுதான் வருகிறான். தாள் கேட்பவர்களுக்கு இதைவிடப் பெரிய தாள் எது?

கூலி குறைகிறது என்ற வாதம் மட்டும் கவனத்துக்குரியது. உழைக்கும் தமிழனின் அச்சத்தை நாம் ஏளனம் செய்யமாட்டோம். ஆனால் கூலியைக் குறைப்பவன் யார்? மொழி தெரியாதவன், ஊர் புதியவன், எதிர்த்துப் பேசமாட்டான் என்று கணக்கிட்டுப் பாதிச் சம்பளத்துக்கு அமர்த்துபவன் அல்லவா? மாநிலம்விட்டு மாநிலம் செல்லும் தொழிலாளருக்குச் சமகூலி வேண்டும் என்று நாடாளுமன்றம் 1979-இலேயே சட்டம் இயற்றியது. அதை ஏட்டில் உறங்கவிட்டு இலாபம் கண்டவர்களை விட்டுவிட்டு, வெயிலில் நிற்பவன் மீது பாய்வது எளிது. வெள்ளை வணிகர் நேட்டாலில் நம்மவர் மீது பாய்ந்ததும் இவ்வாறே. இருவருக்கும் ஒரே கூலி கொடுக்கப்படுமானால் குறைந்த கூலி என்ற பகைக்கே இடமில்லை.

ஆலயத்தின் கடைசி வரிசை

இத்தாலியரின் வரலாற்றில் திருச்சபைக்குப் பெருமை தரும் பக்கம் ஒன்று உண்டு. பியாச்சென்சா ஆயர் ஜான் பாப்டிஸ்ட் ஸ்கலபிரினி, குடிபெயர்வோருக்கென்றே 1887-இல் ஒரு துறவற சபையை நிறுவினார். ஏழைகளை விற்றுப் பிழைத்த தரகர்களை வன்மையாகக் கண்டித்தார். 2022-இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார். சீனாவுக்குச் செல்லக் கனவு கண்ட அன்னை கப்ரினியைத் திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் மேற்கே திருப்பிவிட, அவர் 1889-இல் நியூயார்க்கை அடைந்து இத்தாலியக் குழந்தைகளுக்கும் நோயாளருக்கும் தாயானார். குடிபெயர்ந்தோருக்காக மன்றாடும் உலக நாள் 1914-இல் இத்தாலியரை முன்னிட்டே தொடங்கப்பட்டது.

வெட்கம் தரும் பக்கமும் ஒன்று உண்டு. நியூயார்க்கின் சில கத்தோலிக்க ஆலயங்களில், முன்னமே குடியேறியிருந்தவர்கள் மேல்தளத்தில் திருப்பலி காண, இத்தாலியர் நிலவறைக்கு அனுப்பப்பட்டனர். ஒரே நற்கருணை, ஒரே நம்பிக்கை. ஆனால் மாடிக்கு ஒருவர், நிலவறைக்கு ஒருவர். முந்தி வந்த ஏழை பிந்தி வந்த ஏழையைப் படிக்கட்டுக்குக் கீழே தள்ளிய கதை அது.

நம் மயிலையில் பாதாளத்தைக் குடைந்து மெட்ரோ ரயில் பாதை அமைப்பவர்களிடையே, அடுக்குமாடிகளின் சாரத்தில் நிற்பவர்களிடையே, நம் வீடுகளில் முதியோரைக் கவனிக்கும் பெண்களிடையே, சோட்டாநாக்பூர் பகுதியின் ஒராவ், முண்டா, கரியா இனக் கத்தோலிக்கர் இருக்கிறார்கள். 1885-இல் பெல்ஜிய நாட்டு இயேசு சபைத் தந்தை லீவன்ஸ் அவர்களின் நில உரிமைக்காக நின்ற நாள் முதல் வேரூன்றிய விசுவாசம் அவர்களுடையது. ஞாயிறு திருப்பலியில் கடைசி வரிசையில் நின்று, முடிந்ததும் ஓசையின்றி வெளியேறும் முகங்களை நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம். மறையுரை அவர்களுக்குப் புரிவதில்லை; அன்பியத்தில் அவர்கள் பெயர் இல்லை. இதுவும் ஒரு நிலவறையே. படிக்கட்டு மட்டுந்தான் கண்ணுக்குத் தெரியவில்லை.

டர்பனில் நம்மவர் வந்து இறங்கியபோது, அமலமரித் தியாகிகள் சபையின் பிரெஞ்சுத் தந்தை சபோன், தோட்டத் தொழிலாளரின் பாவசங்கீர்த்தனம் கேட்பதற்குத் தமிழ் கற்றார். ஓர் அந்நியர் நம் பாட்டனுக்காகச் செய்ததை, அந்தப் பாட்டனின் மண்ணில் வாழும் திருச்சபை வடவருக்காகச் செய்ய மறுப்பதற்கு என்ன நியாயம் உண்டு?

நம் மயிலைக்கு இந்தக் கடமை ஏனைய ஊர்களைவிட அதிகம். இந்த ஊரின் பெயரை உலகக் கிறிஸ்தவம் அறிந்ததே கடல் கடந்து வந்த ஒருவரால். புனித தோமையார் கையில் எந்தத் தாளோடு வந்தார்? தமிழில் விண்ணப்பம் எழுதிக் காட்டு என்று அன்று கரையில் எவனேனும் கேட்டிருந்தால் அவர் திரும்பிப் போயிருக்க வேண்டியதுதான். அவருடைய கல்லறைமீது ஆலயம் எழுப்பி, ஆண்டுதோறும் கொடியேற்றி விழா எடுக்கும் மக்கள், வந்தேறி என்ற சொல்லை வசைச்சொல்லாக வழங்குவது நகைப்புக்குரியது. தென்னாப்பிரிக்க இந்தியருக்காக 1927 முதல் அந்நாட்டில் இந்திய அரசின் முகவராக வாதாடிய சீனிவாச சாஸ்திரியாரும் தம் இறுதிக் காலத்தில் இந்த மயிலையில் வாழ்ந்தவரே. வெளியே நீதி கேட்ட ஊர் உள்ளே அதை மறுக்கக் கூடாது.

ஆகவே, 2019 முதல் வழக்கமாகச் செப்டம்பர் மாத இறுதி ஞாயிறன்று வரும் குடிபெயர்ந்தோர் நாளை ஓர் உண்டியலோடும் ஒரு மன்றாட்டோடும் முடித்துவிட வேண்டாம் என்கிறோம். வடமாநிலத் தொழிலாளர் வாழும் பங்குகளில் மாதம் ஒருமுறையேனும் இந்தியிலோ சாத்ரியிலோ திருப்பலி நடக்கட்டும். அவர்களின் குடும்பங்கள் பங்குப் பதிவேட்டில் இடம் பெறட்டும். கட்டடத் தொழிலிலும் உணவகத் தொழிலிலும் உள்ள நம் கத்தோலிக்க முதலாளிகள், தமிழனுக்குக் கொடுக்கும் கூலியையே அவர்களுக்கும் கொடுத்துவிட்டு நற்கருணை வாங்க வரட்டும். முகாம்களில் பிறந்த ஈழத்துப் பிள்ளைகளுக்குக் குடியுரிமை வேண்டும் என்ற தீர்மானம் ஒவ்வொரு பங்குப் பேரவையிலிருந்தும் எழுதப்பட்டு நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குச் செல்லட்டும்.

இவையெல்லாம் கூடிவர நாளாகும் என்போர் வருகிற ஞாயிறே தொடங்கக்கூடிய ஒன்றும் உண்டு. சோட்டாநாக்பூர்க் கத்தோலிக்கர் ஒருவரையொருவர் கண்டால் 'ஜெய் யேசு' என்று வணங்குவார்கள். திருப்பலி முடிந்ததும் கடைசி வரிசைக்குச் சென்று அந்த இரண்டு சொற்களைச் சொல்லுங்கள். பிறகு அவர் பெயரைக் கேளுங்கள்.